பேர் சொல்லாதது

நம்மூர் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தார்: "நம்ம பேர் சொல்லாதது, அறுபத்தஞ்சு வயசுல பேச்சு கத்துக்க படப்பைக்குப் போவுதாம்." அதற்குக் கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் ஏழு. விரலை வைத்து அழுத்தினால் யார் யார் போட்டது என்று காட்டுகிறது. எனக்கு அந்த அளவுக்குப் போன் தெரியும்.

எழுதியவர் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பலகையில் உட்கார்ந்தவர். சிரித்த ஏழு பேரும் நம் செட்டுதான். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். குரூப்பில் போட்டால் நாலு வரிக்கு மேல் ஒருத்தரும் படிக்க மாட்டீர்கள். இதை அச்சடித்து ஆளுக்கு ஒன்று வீட்டுக்கே அனுப்புகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

ஆமாம், போகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு, படப்பையில் ஒரு மருந்துக்கடை மாடிக்கு. திக்கிப் பேசுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் அங்கே வருகிறார். ஒளிந்து போகவில்லை. என் காரில் போய் வாசலிலேயே நிறுத்துகிறேன்.

நான் யார் என்பது உங்களுக்கு மறந்து போயிருக்கலாம், அதனால் சொல்கிறேன். ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற பஸ்களில் இருபத்திரண்டு என்னுடையவை. மூன்று ஷிப்டும் ஓடுகின்றன. என் வண்டி வரவில்லை என்று இன்றுவரை எந்தத் தொழிற்சாலையிலும் லைன் நின்றதில்லை. நான் படித்தது ஐந்தாவது, என் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற மூன்று பேரும் டிகிரி. உங்கள் பிள்ளைகளில் நாலு பேர் என் வண்டியில்தான் வேலைக்குப் போகிறார்கள். வண்டியின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களைக் கேளுங்கள். என் பேர். ஓர் அடி உயர எழுத்து, பக்கவாட்டில் இன்னும் பெரிது. ஏன் இவ்வளவு பெரிதாக எழுதினாய் என்று ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. பணத் திமிர் என்று நினைத்திருப்பீர்கள்.

ஐந்தாம் வகுப்பு முடித்த அந்த வெயில் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஏரி வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. நண்டு வளைகளில் குச்சியை விட்டுக் கொண்டு கிடந்தோம். ஒரகடம் கூட்டுரோட்டில் அப்போது ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, ஒரு நாட்டு மருந்துக் கடை. இன்றைக்குக் கன்டெய்னர் லாரிகள் திரும்ப முடியாமல் ஆரன் அடிக்கிற அதே இடம்தான்.

ஆறாவதுக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். என் பேர் அங்கே ஏறவில்லை, அதன் பேர் இங்கே ஏற வேண்டாம். நம் தெருவிலிருந்து அதுவரை ஆறாவது போன பிள்ளைகள் இரண்டே பேர். மூன்றாவது நானாக இருக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே அலுமினியப் பெட்டி வாங்கிவிட்டார். தாம்பரம் வரை போய் வாங்கினார். மூடியில் என் பேரை வெள்ளைப் பெயிண்டில் எழுதி, காயக் காயத் தலைமேல் வைத்துக் கொண்டு வந்தார். அந்தப் பெட்டியின் கொக்கி 'டக்'கென்று விழும். திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு புது வாசனை அடிக்கும். ராத்திரி அதைப் பக்கத்தில் வைத்துக் கொண்டுதான் படுப்பேன்.

ஒரே ஒரு இடைஞ்சல். சேர்க்கிற அன்று ஹெட்மாஸ்டர் பிள்ளையை எதிரில் நிறுத்திப் பேர் கேட்பாராம். கணீரென்று சொல்கிற பிள்ளையைத்தான் எடுப்பாராம். என் பேர் 'ப'வில் ஆரம்பிக்கிறது.

'ப' எப்படி வருகிறது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். யோசிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வரவில்லை. இரண்டு உதடும் சேர்ந்து பிரிந்தால் 'ப'. எனக்குச் சேரும், பிரியாது. உள்ளே காற்று முட்டும். கழுத்து நரம்பு புடைக்கும், ஒரு கண் தானாக மூடிக் கொள்ளும். பேர் உதட்டுக்குப் பின்னால் தயாராக நிற்கும். மற்ற எழுத்துகளிலும் திக்கும், ஆனால் 'ப' சுவர். பிற்காலத்தில் படப்பைக்கு டிக்கெட் கேட்க வாய் வராமல் தாம்பரத்துக்கு டிக்கெட் வாங்கி நடுவில் இறங்கியிருக்கிறேன். அதெல்லாம் பிறகு.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நாக்கைச் சரி பண்ணிவிட வேண்டும் என்று வீட்டில் இறங்கினார்கள். இதற்கு அத்தை தலைமை. அத்தை அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவர். நோய்க்குக் காரணத்தை அவர் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார். காரணம் என் அம்மா.

"வாய் வர்றதுக்கு முன்னாடி புள்ளைக்குக் கண்ணாடி காட்டிக்கீறா. அதான் நாக்கு கட்டிக்கிச்சு."

"ஒரே ஒரு நாள் அண்ணி," என்பார் அம்மா. "பொட்டு வச்சிட்டு சும்மா காட்னேன். சிரிச்சான்."

"ஒரு நாள் போதாதா உனுக்கு? எத்தினி நாள் காட்லாம்னு இருந்த?"

அம்மாவிடம் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. தகர விளிம்பு, பின்பக்கம் ரோஜாப் பூப் படம். அந்த வெயில் காலத்தில் ஒருநாள் அது ஆணியிலிருந்து இறங்கிப் பரணுக்குப் போய்விட்டது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அம்மாவே எடுத்து வைத்தார். ஆணி மட்டும் சுவரில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் கண்ணாடி பார்த்து நான் பார்த்ததில்லை. நெற்றியை விரலால் தடவி நடு இடம் பார்த்துப் பொட்டு வைப்பார். சில நாள் கோணலாக இருக்கும். அதையும் அத்தை சொல்லிக் காட்டுவார்.

முதல் வைத்தியம் கோயில் மணி. மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்தால் பேச்சு மணி மாதிரி வரும் என்றார்கள். குடித்தேன். பித்தளை வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும் நாக்கில் ஒரு வாரம் இருந்தன.

அடுத்தது வசம்பு. அதைப் பேர் சொல்லிக் கேட்கக் கூடாது, சொன்னால் அதன் சக்தி போய்விடும் என்பது நம் வீடுகளில் இருந்த கட்டுப்பாடு, உங்களுக்கே தெரியும். அதனால் அதற்குப் 'பேர் சொல்லாதது' என்றே பேர். அத்தை என்னைத்தான் கடைக்கு அனுப்பினார்.

"பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்கன்னு கேளு. வேற எதுனா வாயில வந்துச்சு, தோல உரிச்சிடுவேன்."

இதை யோசித்துப் பாருங்கள். 'ப' வராத பையனின் வாய்க்கு மருந்து. மருந்தின் உண்மையான பேர் என் வாயில் வழுக்கிக் கொண்டு வரும், ஆனால் அதைச் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியது 'ப'வில் ஆரம்பிக்கிறது. வீட்டில் அத்தனை பெரியவர்கள் இருந்தார்கள். இது ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லை.

கடையில் கூட்டம். நீங்களும் நாலைந்து பேர் வாசலில் கோலி ஆடிக் கொண்டிருந்தீர்கள்.

"இன்னாடா வேணும்?" என்றார் கடைக்காரர்.

உதட்டை மூடினேன். மூடியது மூடியதுதான்.

"இன்னா, பெருங்காயமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பனங்கல்கண்டா இருக்கும்," என்றாள் ஒரு அம்மாள்.

"பேதி மாத்திரைடா, மூஞ்சப் பாரு," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

"பல்பொடி."

"பச்சக் கற்பூரம்."

அந்தக் கடையில் 'ப'வில் ஆரம்பிக்கிற சரக்கெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எல்லாருக்கும் எனக்கு எடுத்துக் கொடுக்க ஆசை. ஒருத்தராவது வாயை மூடிக் கொண்டு நின்றிருந்தால் நானே சொல்லியிருப்பேன். மூச்சு முட்டிக் கடைசியில் கையைக் கடைப் பலகையில் ஊன்றிக் கொண்டு, "வசம்பு" என்றேன். அட்சர சுத்தமாக வந்தது.

"அடப்பாவி, வெள்ளிக்கியமையும் அதுவுமா," என்றார் கடைக்காரர். அப்போதுதான் வாசலில் இருந்த உங்களில் ஒருத்தர், அவரேதான், வாட்ஸ்அப்காரர், சொன்னார்: "டேய், பேர் சொல்லாததக்கூட பேர் சொல்லிக் கேக்கறான்டா. இவன் பேர மட்டும் சொல்ல மாட்டான். இவன்தான்டா பேர் சொல்லாதது."

நல்ல சமயோசிதம். ஒத்துக் கொள்கிறேன். ஐம்பத்தைந்து வருஷம் ஓடுகிற அளவுக்கு நல்ல நகைச்சுவை.

நான் வீடு சேருவதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. அத்தை தோலை உரிக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று சொன்னார். "பேரச் சொல்லி வாங்கிட்டான். இனிமே எங்க பலிக்கும்?" ஆனாலும் விடாமல் காலையும் சாயங்காலமும் அதை விளக்கில் சுட்டு, கல்லில் உரைத்து, தேனில் குழைத்து என் நாக்கில் தேய்த்தார். காரம், கசப்பு, கரி வாசனை. நாக்கு மரத்துப் போகும். நாள் போகப் போக ஒன்றும் ஆகாதபோது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மருந்து மேல் தப்பில்லை, வாங்கியவன் கெடுத்துவிட்டான். நானும் அதை நம்பினேன். லாரி ஓட்டின காலத்தில்கூட, ராத்திரி ஸ்டீரிங் பிடித்துக் கொண்டு, அன்றைக்கு இன்னும் கொஞ்சம் முக்கி அந்த 'ப'வைச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்திருக்கிறேன். பத்து வயசுப் பையன் தலையில் அதைக் கட்டியவர்களை என்ன சொல்வது?

அந்தக் காலத்தில் எனக்கு ஒரே நிம்மதி செவலை. எங்கள் உழவு மாடு. செம்மண் நிறம், இடது கொம்பு நுனி உடைந்தது. அதை ஏரிக்குள் ஓட்டிக் கொண்டு போய் மேயவிட்டு, பக்கத்தில் நடந்து கொண்டே பேசுவேன். பெட்டியைப் பற்றி, ஆறாவதைப் பற்றி, அத்தையைப் பற்றி. செவலையிடம் எனக்குத் திக்காது. ஒரு எழுத்துகூடத் திக்காது. என் பேரை அதன் காதில் நூறு தடவை சொல்லியிருப்பேன். "என் பேர் இது, அஞ்சாவது பாஸு, ஆறாவது சேர வந்துகீறேன்." ஹெட்மாஸ்டரிடம் சொல்ல வேண்டியதை அப்படியே செவலையிடம் ஒத்திகை பார்ப்பேன். அது காதை ஆட்டிக் கொண்டு கோரையை இழுக்கும். அவசரப்படுத்தாது.

ஒருநாள் அம்மா கூழ் கொண்டு வந்தவர் கருவேல மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டார். நான் திரும்பியதும் வாய் அடைத்தது.

"பேசுடா, இன்னொரு தபா பேசு," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

வரவில்லை. தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக் கொண்டு நின்றார். பிறகு ஓட்டமாக வீட்டுக்குப் போனார். நல்ல சேதி கொண்டு போவதாக நினைத்துக் கொண்டு போனார், பாவம்.

"மாட்டாண்ட நல்லா பேசறான் அண்ணி. தண்ணி மாரி பேசறான். நானே என் காதால கேட்டேன்."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "மாட்டாண்ட பேசத் தெரிஞ்சவனுக்கு மனுசனாண்ட பேசத் தெரியாதா? அப்ப இது வியாதி இல்ல. கொயுப்பு."

அன்று சாயங்காலம் அப்பா என்னை அடித்தார். மாட்டுக் கயிற்றால். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. கொழுப்பு என்று ஒருத்தர் பேர் வைத்துவிட்டால் அதற்கு மருந்து அதுதானே. அம்மா வாசல்படியில் நின்று கொண்டு, "நான் சொல்லாம இருந்திருக்கணும், நான் சொல்லாம இருந்திருக்கணும்" என்று சொல்லிக் கொண்டே இருந்தார்.

போன மாதம் படப்பை மாடியில் இந்தச் செவலை கதையை அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "எல்லாருக்கும் அப்படித்தான் சார். நாய்கிட்ட, மாடுகிட்ட, குழந்தைகிட்ட, தனியா இருக்கும்போது பலருக்குத் திக்காது. பாடும்போதும் திக்காது. யாரும் உங்க வாயைப் பார்த்துட்டு நிக்கறதில்ல, அதான்." அங்கே இருந்த எட்டுப் பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தருக்குப் பூனை. ஒருத்தர் மெஷினிடம் பேசுவாராம். இவ்வளவுதான் விஷயம். இதற்கு நான் கயிற்றடி வாங்கியிருக்கிறேன்.

சேர்க்கிற நாள் வந்தது. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழிய வழிய வாரின தலை, கையில் பெட்டி. அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு நின்றார். ஹெட்மாஸ்டர் மேசையில் என் பழைய பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் விரிந்து கிடந்தது. அதில் என் பேர் இருந்தது. என் பெட்டியிலும் இருந்தது. அந்த அறையில் என் பேர் இரண்டு இடத்தில் இருந்தது. அவருக்கு மூன்றாவது இடத்தில் வேண்டியிருந்தது.

"உன் பேர் என்ன?"

உதடு மூடியது. சுவரில் கடிகாரம் ஓடிக் கொண்டிருந்தது. பெட்டியை மெதுவாகத் திருப்பி மூடியை அவர் பக்கம் காட்டினேன்.

"வாயால சொல்லு. பெட்டி படிக்க வரல, நீதான் படிக்க வந்திருக்க."

பக்கத்து மேசை வாத்தியார் சிரித்தார். வாசலில் வரிசையில் நின்ற பிள்ளைகளும் சிரித்தன. கண் மூடிக் கொண்டது. ஏரியை நினைத்துக் கொண்டேன். கோரை, வெடித்த தரை, பக்கத்தில் செவலை, அங்கே எவ்வளவு சுலபமாக வரும். செவலையைக் கூப்பிட்டுவிட்டுத்தானே பேர் சொல்வேன். அதே மாதிரி ஆரம்பித்தால் வந்துவிடும் என்று தோன்றியது.

"செவலை," என்றேன். அதுமட்டும் வந்தது. அடுத்தது வரவில்லை.

ஹெட்மாஸ்டர் சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செவலையா? இதுல வேற பேர் போட்டிருக்கே."

அப்பா துண்டைக் கையில் எடுத்துக் கொண்டார். "இல்லீங்கய்யா. அது... அது எங்க மாட்டுப் பேருங்கய்யா."

அந்தச் சிரிப்பை நான் விவரிக்கப் போவதில்லை. வரிசையில் நம்மூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. அவர் இரக்கப்பட்டார். சான்றிதழை மடித்து அப்பாவிடம் கொடுத்து, "தன் பேரே தெரியாத பையனை நான் எதில் சேர்க்கிறது? ஏதாவது கைவேலையில் விடுங்க, பிழைச்சுக்குவான்" என்றார். நல்ல மனுஷன் பேசுகிற மாதிரி பேசினார்.

தன் பேர் தெரியாத பையன். எனக்கு என் பேர் தெரியும். அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். இந்தத் தாளை எழுதுவதே அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான். திக்குகிறவன் என்று சொல்லுங்கள், அது உண்மை. தெரியாதவன் என்று எவனும் சொல்லக் கூடாது.

திரும்பி வரும்போது பஸ் கூட்டுரோட்டோடு சரி, அங்கிருந்து நடை. மதகுக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். யாரும் இல்லை. அடிக்கப் போகிறார் என்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துக் கொண்டேன். அவர் குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து மெதுவாகக் கேட்டார்.

"உன் பேர் இன்னாடா?"

உதடு மூடியது. ஆனால் அந்தத் தடவை வித்தியாசமாக இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உதட்டுக்குப் பின்னால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கொண்டிருந்தது. இன்னும் ஒரு மூச்சு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அப்பாவால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே என் பேரைச் சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தார். நான் பின்னால் நடந்தேன். பாசத்தில்தான் சொன்னார். எல்லாரும் பாசத்தில்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரம் லாரி ஷெட்டில் விட்டார். அந்த அலுமினியப் பெட்டியில் ஸ்பானர் வைத்தேன். பேர் எழுதின பெயிண்ட் ஆயிலில் ஊறி உரிந்து போயிற்று. பெட்டி ஒருநாள் ஏதோ ஒரு லாரியோடு போய்விட்டது. மீதிக் கதை நான் முன்னுக்கு வந்த கதை, அது உங்களுக்குத் தெரியும், வயிற்றெரிச்சல் பட்டிருக்கிறீர்கள். முதல் வண்டி வாங்கியதும் பெயிண்டரிடம் சொன்னேன்: பேரைப் பெரிதாக எழுது. அப்புறம் யாராவது "நீங்க யாரு?" என்று கேட்டால் கையை நீட்டி வண்டியைக் காட்டிவிடுவேன். பெட்டியைக் காட்டியபோது படிக்காதவர்கள் பஸ்ஸைக் காட்டினால் படிக்கிறார்கள்.

அப்படியே ஓட்டியிருப்பேன். என் டிரைவர்களில் ஒருவன், முப்பது வயசு, என்னைப் போலத் திக்குகிறவன். ஒருநாள் வந்து நின்றான்.

"ஞா... ஞாயித்துக்கியம டூட்டி வேணாம் ஓனர்."

"ஏன், எங்க போற?"

"பே... பேசப் போறேன்."

"பேசறதுக்கு எதுக்குடா லீவு?" என்று கத்தினேன். கத்தும்போது எனக்கும் திக்கியது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கொண்டோம். அடுத்த ஞாயிறு நானும் போனேன், என்ன கூத்து என்று பார்க்க.

அங்கே மந்திரம் ஒன்றும் இல்லை. 'சரியாகிவிடும்' என்று அந்த அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. உதட்டை அழுத்தாமல், ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமல் வைத்து, மூச்சை முதலில் விட்டு, அதன் மேல் எழுத்தை ஏற்று என்கிறார். திக்கினால் திக்கட்டும், அதிலேயே நின்று மெதுவாக வெளியே வா என்கிறார். ஒரு ஞாயிறு எங்களை வேண்டுமென்றே திக்கச் சொன்னார். இத்தனை வருஷம் ஓசியில் செய்ததைப் பயிற்சியாகச் செய்தேன். பிறகு ஆளுக்கு இரண்டு நிமிஷம் எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும். இரண்டே சட்டம். கஷ்டமான வார்த்தையை வேறு வார்த்தையாக மாற்றக் கூடாது. பேசுகிறவனுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

முதல் நாளே ஒன்று கேட்டேன். "குழந்தைக்குக் கண்ணாடி காட்டினா திக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. "இல்ல சார். சிலருக்கு மூளை பேச்சை ஓட்டற விதமே அப்படி. பிறவியிலேயே வர்றது. யார் தப்பும் இல்ல. அம்மா தப்பு இல்லவே இல்ல."

நான் எழுந்து மாடிப்படிக்கு வந்து நின்று கொண்டேன். கீழே ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கூப்பிட்டுக் கொண்டிருந்தான். என் அம்மா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் தலை வாரிவிட்டுக் கண்ணாடியை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக் கொண்டார். "வேணாம்மா, புள்ள இருக்கான்" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயசு. அம்மா தப்பு இல்லை என்கிற அந்த ஒரு வரியைச் சொல்ல ஊரில் ஒருத்தரும் இல்லாமல் போனார்களே. அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது, ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்திருந்தது, உங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

இந்தத் தாளில் என் பேரை எங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். எழுத்தில் எனக்குத் திக்காது. எழுதிக் காட்டித்தான் இவ்வளவு காலம் ஓட்டினேன். கேட்க வேண்டுமானால் நேரில் வாருங்கள். நேரம் எடுத்துக் கொண்டு வாருங்கள்.

நேற்று முன்தினம் வந்திருந்தால் கேட்டிருக்கலாம். வருஷா வருஷம் சாலைப் பாதுகாப்பு வாரத்தில் என் ஷெட்டில் டிரைவர்களெல்லாம் உறுதிமொழி எடுப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து ஒரு சேஃப்டி அதிகாரி தாளோடு வருவார். முன்னால் நிற்கிறவர் வரி வரியாகப் படிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வரி ஒரு புள்ளிக்கோடு, அதற்குப் பிறகு 'ஆகிய நான்'. கோட்டில் அவரவர் பேர். ஓனர் படிக்க வேண்டியதை இத்தனை வருஷமும் மேனேஜர்தான் படித்தார். இந்தத் தடவை தாளை நான் வாங்கிக் கொண்டேன். அவர் நல்லெண்ணத்தில் என் பக்கத்திலேயே வந்து நின்றார். தள்ளி நில்லுங்கள் என்றேன்.

காலை ஷிப்டு இறக்கிவிட்டு வந்த நேரம். முப்பது டிரைவர்கள். பின்னால் வண்டிகள் வரிசையாக, நெற்றியில் என் பேரோடு. காட்டலாம். கை தானாக அந்தப் பக்கம் போகப் பார்த்தது. தாளை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டேன்.

"நான் திக்கிப் பேசறவன். கொ... கொஞ்ச நேரம் ஆகும். நில்லுங்க," என்றேன்.

உதடு மூடியது. மைக்கில் என் மூச்சு மட்டும் ஓடியது. மேனேஜர் வாயைத் திறந்தார், மூடிக் கொண்டார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மதகுப் பக்கத்தில் அப்பா குனிந்து நின்ற நேரத்தைவிட ஒரு மூச்சு அதிகம். உதட்டைத் தளர்த்தினேன், காற்று கசிந்தது, அதன் மேல் முதல் எழுத்து, அதன் பின்னால் மீதி எல்லாம். முழுசாக வந்தது. ஷெட்டுத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது.

"ஆகிய நான்," என்றேன்.

முப்பது பேரும் அவரவர் பேரை ஒரே நேரத்தில் சொன்னார்கள். யார் பேரும் புரியாத ஒரு இரைச்சல், பிறகு 'ஆகிய நான்', பிறகு அமைதி. அமைதிக்கு நடுவில் கடைசி வரிசையில் ஒரு பேர் பாக்கி நின்றது. ஞாயிற்றுக்கிழமை டிரைவர். கழுத்து நரம்பு புடைத்து, ஒரு கண் மூடிக் கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவன் அவன் பக்கம் திரும்பி உதவி பண்ண வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.

வந்தது. "ஆகிய நான்" என்று அவன் ஒருத்தனே சொல்லி முடித்தான்.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது வரியைப் படித்தேன்.